பெயரெழுதப்படாத மக்களின் பிரதிநிதி

கண்டி மாநகரிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையிலே பயணஞ் செய்யாத மலைநாட்டார் மிகச் சிலரே இருப்பர். வளைவுக்கு வளைவு தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கின்றன. காலைப் பனி கலைகின்ற வேளையிலே கூடை சுமந்த பெண்கள் வரிசை வரிசையாக மலையேறுகின்றனர். இந்தக் காட்சியைக் கண்டு மகிழாத கண் இல்லை. ஆனால், இக்காட்சிக்குப் பின்னே நிற்கும் ஒரு வரலாற்றை நினைத்துப் பார்க்கும் நெஞ்சம் எத்தனை?

இலங்கையிலே தேயிலை வர்த்தகப் பயிராக முதன்முதல் நடப்பட்ட இடம் இந்தத் தெல்தோட்டைப் பகுதியைச் சார்ந்த லூல்கந்துர தோட்டமே என்பதை மாணவர் அனைவரும் அறிவர். ஸ்கொத்லாந்து தேசத்திலிருந்து 1852-ஆம் ஆண்டு இங்கு வந்த ஜேம்ஸ் டெயிலர் என்னும் துரை, 1867-ஆம் ஆண்டிலே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு இரண்டாண்டு கழித்துக் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றிக் கொண்டது. கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. நாட்டின் செல்வமே தேயிலை என்று சொல்லும் காலம் வந்தது.

டெயிலர் துரை 1892-ஆம் ஆண்டு மே மாதத்தில் லூல்கந்துர தோட்டத்திலேயே காலமானார். அவரைக் கண்டி மகியாவை மயானத்தில் அடக்கஞ் செய்தனர். தோட்டத்திலிருந்து கண்டிக்கு அவரது உடலைக் கொண்டு சென்றவர்கள் யார்? தொழிலாளர் இருபத்து நால்வர், பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறித் தோள் கொடுத்தனர் என்று வரலாறு கூறுகின்றது. கங்காணிமாரும் தொழிலாளரும் ‘சாமி துரை’ என்று அவரை விளித்தவாறு பின்னே நடந்தனராம்.

மகியாவையிலே அவருடைய சமாதிக் கல் இன்றும் நிற்கின்றது. தேயிலைத் தொழிலுக்கும் சிங்கோனாத் தொழிலுக்கும் இந்நாட்டில் முன்னோடியாக நின்றவர் என்று அக்கல் அவரைப் போற்றுகின்றது. போற்றத் தக்கவரே. ஆனால், அவரைத் தோளில் சுமந்த இருபத்து நால்வரின் பெயர் அக்கல்லில் இல்லை. அவரோடு நின்று காடு வெட்டியவர், குழி தோண்டியவர், கொழுந்து பறித்தவர் ஆகியோர் பெயரும் இல்லை. அன்னார் எங்கே புதையுண்டார்களோ, அவ்விடத்தின் மேலும் தேயிலை தளிர்த்து விட்டது.

பெயர் எழுதப்படாத இந்த மக்களின் பெயரை யார் எழுதுவது? அவர்களுக்காக யார் பேசுவது? இவ்விரண்டு பணிகளையும் தம் வாழ்நாளில் ஒருங்கே மேற்கொண்ட ஒருவரைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம். அவரே பாராளுமன்ற உறுப்பினராகவும் கவிஞராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள்.

புலவரும் அரசியலும்

தெல்தோட்டை, தமிழ்ப் புலமைக்குப் புதிய ஊரன்று. டெயிலர் துரை தேயிலை பயிரிடுவதற்கு ஓராண்டு முன்னர், 1866-இல், தெல்தோட்டைப் போப்பிட்டியிலே பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். 1918 வரை வாழ்ந்த அவர், கண்டிக் கலம்பகம் முதலான பிரபந்தங்களை யாத்துப் பெரும் புகழ் பெற்றார். அவர் காலத்துப் புலமை மரபு வேறு. பதிகம், கலம்பகம் என்னும் பழைய வடிவங்களிலே தெய்வத்தையும் நகரையும் பாடுவது அம்மரபு. தோட்டத்து லயத்தையும் பெரட்டுக் களத்தையும் பாடுபொருளாகக் கொள்ள மற்றுமொரு தலைமுறை பிறக்க வேண்டியிருந்தது.

புலவர் ஒருவர் அரசியலில் ஈடுபடுவது உலகில் அருமையான செய்தியன்று. உருசிய நாட்டு வரலாற்றிலே கவ்ரீல் தெர்ஷாவின் என்பவரைக் காண்கின்றோம். 1743-இல் பிறந்த இவர், இளமையில் சாதாரணப் போர்வீரராகப் பத்தாண்டு பணிபுரிந்தார். 1782-இல் காதரின் பேரரசியைப் புகழ்ந்து ‘பெலீத்ஸா’ என்னும் பாட்டை இயற்றினார். பேரரசி மனமகிழ்ந்து பொன்னாலான பொடிச் சிமிழ் ஒன்றில் 500 பொற்காசுகளை இட்டு அனுப்பினார். அதன் பின்னர் மாகாணங்களுக்கு ஆளுநர், பேரரசியின் அந்தரங்கச் செயலாளர் என்று பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1802-இல் முதலாம் அலெக்சாந்தர் மன்னர் அவரை நீதியமைச்சராக நியமித்தார். அடுத்த ஆண்டே பதவி பறிபோயிற்று. அளவுக்கு மிஞ்சிக் கண்டிப்பாக இருந்தார் என்பதே குற்றம்!

அவர் வாழ்விலே மற்றொரு நிகழ்ச்சி உண்டு. 1815-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதுமையுற்ற தெர்ஷாவின் ஒரு பள்ளிக்கூடத்துப் பரீட்சையைக் காணச் சென்றார். அங்கே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து தான் இயற்றிய பாட்டை ஓதினான். கிழவர் கண்கலங்கிப் போனார். அந்தச் சிறுவனே பின்னாளில் உருசிய மகாகவியாக விளங்கிய புஷ்கின்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். தெர்ஷாவின் அரசியின் தயவால் உயர்ந்தவர்; தாமே பண்ணையடிமைகளையும் உடைய நிலப்பிரபு. அப்பண்ணையடிமைகளுக்கு அவர் பிரதிநிதியல்லர். சி. வி. வேலுப்பிள்ளை அவர்களோ, தோட்டத் தொழிலாளரின் வாக்கினால் சபைக்குச் சென்றவர். அந்த வாக்கே பறிக்கப்பட்ட பொழுது அவர் என் செய்தார் என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி.

மடக்கும்புர ஈன்ற மைந்தர்

வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புர தோட்டத்தில் 1914-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சி. வி. பிறந்தார். அவர் பிறந்தது கங்காணிக் குடும்பம். கங்காணி என்றால் யார் என்பதை மலைநாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கொணர்ந்து, தோட்டத்தில் அவர்களை மேய்த்து, அவர்கள் பெயரிலே கடன் எழுதி வைத்துக் கொள்பவர் அக்காலத்துப் பெரிய கங்காணி. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவிலே நின்றது அவரது வீடு. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பும் வசதியும் கிட்டும். லயத்துப் பிள்ளைக்குக் கிட்டா.

சி. வி. கொழும்புக்குச் சென்று நாளந்தாக் கல்லூரியில் பயின்றார். ஆங்கிலத்தில் நல்ல பயிற்சி பெற்றார். கொழும்பிலேயே உத்தியோகம் தேடித் தம்மளவில் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அங்ஙனம் வாழ்ந்தோர் பலர். ஆனால், பெரட்டுத் தப்பின் ஓசை அவர் செவியை விட்டு அகலவில்லை போலும். படித்த கல்வியை எடுத்துக் கொண்டு, தாம் பிறந்த மலைக்கே அவர் மனம் திரும்பிற்று.

1934-ஆம் ஆண்டிலே வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் இலங்கைக்கு விஜயஞ் செய்தார். அப்பொழுது சி. வி.க்கு வயது பத்தொன்பது. ‘விஸ்மாஜினி’ என்னும் இசை நாடகம் ஒன்றை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதனை எடுத்துச் சென்று மகாகவியின் கரங்களிலேயே சமர்ப்பித்தார். முதிய தெர்ஷாவினுக்கு முன் சிறுவன் புஷ்கின் நின்ற காட்சியை இது நமக்கு நினைவூட்டுகின்றது. தோட்டத்திலே பிறந்த ஒரு பிள்ளை உலகப் பெருங்கவிக்கு முன்னே தன் எழுத்தோடு நிற்கத் துணிந்தான் என்பதே ஒரு சரித்திர நிகழ்ச்சி அன்றோ?

சபையிலே எழுவர்

1931-ஆம் ஆண்டில் இலங்கையிலே சர்வசன வாக்குரிமை அமுலுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரிலும் பெருந்தொகையினர் வாக்காளராயினர். 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. சுதந்திரத்தை எதிர்நோக்கி 1947-இல் நடந்த பொதுத்தேர்தலில், மலைநாட்டுத் தொகுதிகளிலே அக்காங்கிரஸ் போட்டியிட்டு ஏழு ஆசனங்களைக் கைப்பற்றியது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை ஆகிய எழுவரே அவர்கள்.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாக்குச் சாவடிக்கு நடந்தவர்கள் அனுப்பிய எழுவர் என்பதை எண்ணும் பொழுது நெஞ்சம் நிமிர்கின்றது. டெயிலர் துரையைச் சுமந்த தோள்களுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சபையிலே ஒரு குரல் கிடைத்தது. ஆனால், அக்குரலின் ஆயுள் மிகக் குறுகியது.

வாக்கும் போயிற்று

1948-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்நாட்டிலே பிறந்த ஒருவன் இந்நாட்டுப் பிரஜையாக வேண்டுமாயின், தன் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம்.

வாசகர்களே, சிறிது சிந்தியுங்கள். லயத்து அறையில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து, அந்தக் கடதாசியை மூன்று தலைமுறைக்குக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? செக்ரோலிலே பெயர் இருந்திருக்கலாம். அது நாட்கூலிக்குரிய கணக்கு. கங்காணியின் ஏட்டிலே பெயர் இருந்திருக்கலாம். அது கடனுக்குரிய கணக்கு. பிரஜையென்று காட்டும் ஏட்டிலே மட்டும் பெயர் இல்லை! பெயர் எழுதப்படாமை என்பது சமாதிக் கல்லோடு நின்றுவிடவில்லை. உயிரோடிருப்பவரின் உரிமையையும் அதுவே விழுங்கிற்று.

1949-இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பஞ் செய்து, வதிவுக் காலத்தையும் வருமானத்தையும் நிரூபித்தால் பிரஜாவுரிமை பெறலாம் என்றனர். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அதனைப் பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. அதே 1949-ஆம் ஆண்டிலே 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதார்க்கு வாக்கில்லை என்று விதித்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் ஆயிரமாயிரமாக நீங்கின.

1952-இல் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகப் போராட்டத்தைத் தொடங்கி ஏறத்தாழ 140 நாள் நடத்திற்று. ஆயினும் சட்டம் மாறவில்லை. அவ்வாண்டின் பொதுத்தேர்தலில், ஐந்தாண்டுக்கு முன்னர் எழுவரை அனுப்பிய மக்கள் ஒருவரையேனும் அனுப்ப முடியாத நிலையில் நின்றனர். சி. வி. அவர்கள் மீண்டும் பாராளுமன்றத்திற்குள் உறுப்பினராகச் செல்லவில்லை.

ஏடு திறந்தது

பதவி இழந்த அரசியல்வாதிகள் பலரை நாம் அறிவோம். சிலர் துறவு பூணுவர். சிலர் கட்சி மாறுவர். சிலர் பழைய பெருமையைப் பேசியே பொழுது போக்குவர். சி. வி. எழுதுகோலை எடுத்தார். உண்மையில் அதனை அவர் ஒருபோதும் கீழே வைத்ததில்லை. சபையில் இருந்த காலத்திலேயே, 1949-இல், ‘வழிப்போக்கன்’ என்று பொருள்படும் தலைப்பிலே அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. 1954-இல் ‘இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில்’ என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நெடுங்கவிதை நூலுருப் பெற்றது.

இந்தக் கவிதையே அவரது பெயரை நிலைநாட்டிற்று. விடியலில் ஒலிக்கும் தப்பு, துயிலெழும் லயங்கள், பனியில் நனையும் கொழுந்துப் பெண்கள், மலையிலே கழியும் பகல் ஆகிய யாவும் அதனுள் உள்ளன. ஆனால், அதன் இருதயம் வேறிடத்தில் இருக்கின்றது. தேயிலைக்கடியில் மண்ணோடு மண்ணாகிவிட்ட முன்னோரைக் கவிஞர் நினைக்கின்றார். அவர்களுக்குக் கல்லறை இல்லை; அழுவாரும் இல்லை; அவர்களுடைய உடலே உரமாகச் செடிகள் செழிக்கின்றன என்று மனம் நொந்து பாடுகின்றார்.

மகியாவை மயானத்தையும் லூல்கந்துர மலையையும் ஒருங்கே அறிந்த தெல்தோட்டை வாசகருக்கு இந்தப் பகுதி தரும் வேதனையைப் பிறர்க்குச் சொல்லி விளக்கல் அரிது. கல்லில் எழுதப்படாத இருபத்து நால்வருக்கும் அவர்களைப் போன்ற எண்ணற்றவர்க்கும் எடுக்கப்பட்ட நடுகல்லே இந்தக் கவிதை என்று நாம் கொள்கின்றோம்.

‘தமிழ்த் தொழிலாளியின் துயரத்தை ஆங்கிலத்திலே பாடுவானேன்? பாடப்பட்டவர்க்கே அது விளங்காதே!’ என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயின், அன்று சட்டம் இயற்றியவர்கள் ஆங்கிலத்திலே இயற்றினர். தோட்டச் சொந்தக்காரர் கணக்கு வைத்ததும் ஆங்கிலத்திலே. தேயிலையைச் சுவைத்த உலகம் பேசியதும் பெரும்பாலும் அம்மொழியே. எவருடைய செவியில் விழ வேண்டுமோ, அவருடைய மொழியிலே முதலில் முறையிட்டார் என்று நாம் கருதலாம். 1969-இல் சக்தீ அ. பாலஐயா அவர்கள் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று அக்கவிதையைத் தமிழாக்கித் தந்தார். கவிதை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது.

லயத்துக்குள்ளே ஒரு நூல்நிலையம்

சி. வி. செய்த பணிகளுள், மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்றுண்டு. அதுவே மலைநாட்டு நாட்டுப்பாடல்களைத் திரட்டிய பணி. அத்திரட்டு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் பெயரில் 1983-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

எழுத்தறியாத மக்களிடத்தில் என்ன நூல் இருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். தொட்டிலருகே நின்றால் தாலாட்டு கேட்கும். இழவு வீட்டிலே ஒப்பாரி கேட்கும். கொழுந்து மலையிலே தெம்மாங்கு கேட்கும். மாசி மாதத்திலே காமன் கூத்துப் பாட்டு இரவெல்லாம் ஒலிக்கும். இவையே அம்மக்களின் புத்தகங்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்த நடைத்துன்பம் அவற்றில் உண்டு. கோப்பிக் காலத்துச் செய்தி உண்டு. கங்காணியின் கண்டிப்பும், துரையின் மிடுக்கும், விட்டு வந்த ஊரின் ஏக்கமும், முறைமாமனைச் சீண்டும் குறும்பும் உண்டு.

அரசாங்கத்தின் பதிவேட்டிலே இல்லாத வரலாறு, ஒரு பாட்டியின் நாவிலே பத்திரமாக இருந்தது! மூன்று தலைமுறைக்கு அத்தாட்சி எங்கே என்று சட்டம் கேட்டதே. இதோ அத்தாட்சி என்று இப்பாடல்களை எடுத்துக் காட்டினாற்போல் இருக்கின்றது சி. வி. அவர்களின் செயல். நீதிமன்றம் இதனை ஏற்காமற் போகலாம். சரித்திரம் ஏற்றுக்கொள்ளும்.

1970-இல் வெளிவந்த அவரது மற்றோர் ஆங்கில நூல், ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று பொருள்படும் தலைப்பை உடையது. தோட்டத்து வாழ்வில் நாம் நாள்தோறும் காணும் மாந்தரை அதிலே உரைநடைச் சித்திரங்களாகத் தீட்டினார். தமிழிலே நாவல்களும் எழுதினார். அவற்றுள் ‘வீடற்றவன்’ 1981-இல் நூலாயிற்று. தோட்டத்திலே சங்கம் அமைக்க முற்பட்ட ஒரு தொழிலாளி, வேலையையும் அதனோடு தன் காம்பிராவையும் இழந்து அலைகின்ற கதை அது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும் என்ற நிலையை அறிந்தவர்க்கு அத்தலைப்பின் கூர்மை புலனாகும். ‘இனிப் படமாட்டேன்’ என்ற நாவல் 1984-இல் வெளிவந்தது.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தொழிற்சங்கப் பணி கடைசி வரையில் அவரோடிருந்தது. வி. கே. வெள்ளையன் அவர்கள் 1965-இல் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கியபோது சி. வி. அவருடன் இணைந்து நின்றார். ‘மாவலி’ என்னும் சஞ்சிகையின் ஆசிரியராகவும் இருந்து, மலைநாட்டு இளம் எழுத்தாளர்க்கு அதன் பக்கங்களைத் திறந்து விட்டார்.

ஒப்பாரிக் கோச்சி

சி. வி. எழுதிக் கொண்டிருந்த காலத்திலே, அவர் எழுதிய மக்களே இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது. 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பதே அதன் சாரம். பின்னவரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொள்வதென 1974-இல் முடிவாயிற்று.

தலைக்கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மகள் இங்கே, தாய் அங்கே. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சனங்கள் அழைத்தனர். இறந்தவர்க்குப் பாடும் ஒப்பாரியை உயிரோடு பிரிகின்றவர்க்குப் பாடும்படி ஆயிற்று. தெல்தோட்டைச் சுற்றுப்புறத்துத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் தமிழகத்திலே உறவினர் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தத் துன்ப வரலாற்றைச் சி. வி. எழுதினார். ‘நாடற்றவர் கதை’ என்னும் அந்நூல் 1987-ஆம் ஆண்டிலே அச்சாகி வெளிவந்தது. அதனைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1984-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாடற்றவர் பிரச்சினை தீருவதையும் அவர் காணவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988-இல் வந்தது. அதன் பின்னரும் விடுபட்டோர் இருந்தமையால் 2003-ஆம் ஆண்டு 35-ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. 1948-இல் எடுத்ததைத் திருப்பித் தருவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன! டெயிலர் துரையின் மரணத்திற்கும் எழுவர் சபை புகுந்ததற்கும் இடைப்பட்ட காலமும் ஐம்பத்தைந்து ஆண்டுகளே. பெறுவதற்கு எத்துணைக் காலம் பிடித்ததோ, இழந்ததை மீட்பதற்கும் அத்துணைக் காலம் பிடித்தது.

நாம் செய்யத் தக்கது

தெர்ஷாவினைப் போல் சி. வி. அமைச்சர் பதவி வகித்தாரல்லர். பொற்சிமிழ் எதனையும் எவரும் அவருக்கு அனுப்பவில்லை. சபையிலே அவர் இருந்தது ஒரே ஒரு பாராளுமன்றக் காலம். பதவியைக் கொண்டு ஒருவரை அளப்பதாயின் அவர் சிறியவரே. ஆனால், பிரதிநிதி என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? தான் நேரே வந்து பேச முடியாத ஒருவர்க்காக, அவர் நின்று பேச வேண்டிய இடத்தில் நின்று பேசுபவரே பிரதிநிதி. அவ்வாறாயின், 1947 முதல் 1952 வரை மாத்திரமன்று, வாழ்ந்த காலம் முழுவதும் அவர் பிரதிநிதியாகவே இருந்தார். தேர்தல் ஆணையாளரின் இடாப்பு அவரது வாக்காளரை நீக்கிற்று. அவருடைய ஏட்டிலிருந்து அவர்களை நீக்க எவராலும் இயலவில்லை.

தெல்தோட்டைப் பகுதியிலே பாடசாலை செல்லும் மாணவ மாணவியர்க்கு நாம் ஒன்று சொல்வோம். லூல்கந்துரவைக் காண உலகெங்குமிருந்து பிரயாணிகள் வருகின்றனர். டெயிலர் துரையின் பெயரை அவர்கள் அறிவர். அவரோடு உழைத்தவர்களின் பெயரை அவர்களுக்கு யார் சொல்வார்? உங்கள் இல்லத்திலே முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடத்தில் அமர்ந்து, ‘தாத்தா, உங்கள் தகப்பனார் பெயர் என்ன? அவருடைய தகப்பனார் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்த மலையிலே வேலை செய்தார்கள்?’ என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். உங்கள் பாட்டி பாடுகின்ற தாலாட்டை, அவர் பாடுகின்றபடியே, ஓர் எழுத்தையும் திருத்தாமல் எழுதிக் கொள்ளுங்கள்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. பட்டம் வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் போதும். சி. வி. அவர்களும் கேட்டதை எழுதி வைத்தே அத்தனை பாடல்களையும் நமக்குத் தந்தார். அந்த முதியவர் போனபின் கேட்பதற்கு ஆளிருக்காது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.